கீபோட், மொனிட்டர், பிரிண்டர், ஸ்கேனர்: மாங்குளத்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ9 வீதியில், முல்லைத்தீவு றோட்டு பிரிகிற இடத்துக்குக் கிட்ட எங்கள் கடை. ரைப்பிங், போட்டோக்கொப்பி, ஸ்கேன், லமினேட்டிங் என்று பலகையில் எழுதியிருக்கிறது. பாதி நாள் போவது என்னவோ கேள்விகளுக்குப் பதில் சொல்லுவதில்தான். ஒட்டுசுட்டானில் இருந்து வருகிறவரும் மல்லாவியில் இருந்து வருகிறவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், அதனால் எழுதிவைத்துவிடுவோம் என்று இருந்தேன்.

கம்பியூட்டர் வாங்க வருகிறவர்கள் ராம் எவ்வளவு, புரோசசர் எது என்று துருவித் துருவிக் கேட்பார்கள். கீபோட்டை ஒருதரம் அமத்திப் பார்ப்பதில்லை. பெட்டி மேசைக்குக் கீழே கிடக்கப்போகிறது. நாள் முழுக்க உங்கள் விரல் படுவது கீபோட்டில், கண் படுவது மொனிட்டரில், கையில் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போவது பிரிண்டர் தந்த தாளை. காசைக் குறைக்கிறதென்றால் பெட்டியில் குறையுங்கள் என்பதுதான் என் கட்சி.

சாதாரண தரப் புத்தகத்தில் உள்ளீட்டுச் சாதனம், வெளியீட்டுச் சாதனம் என்று இருக்கிறது. எது எதில் சேரும்?

தரவு உள்ளே போனால் உள்ளீடு, வெளியே வந்தால் வெளியீடு. கீபோட், மவுஸ், ஸ்கேனர், மைக், வெப்கேம், சூப்பர் மார்க்கெட்டில் "பீப்" என்று கத்துகிற பார்கோட் வாசிப்பான் எல்லாம் உள்ளீடு. மொனிட்டர், பிரிண்டர், ஸ்பீக்கர், புரொஜெக்டர் வெளியீடு. பிள்ளைகள் பிழைவிடுவது இரண்டு இடத்தில். தொடுதிரை இரண்டுமே, அதில் பார்க்கவும் செய்கிறோம், தொடவும் செய்கிறோம். மைக் உள்ள ஹெட்செட்டும், ஸ்கேனரோடு சேர்ந்த பிரிண்டரும் அப்படித்தான். பென் டிரைவை உள்ளீடு என்று எழுதாதீர்கள், அது சேமிப்பகம்.

கீபோட் எல்லாம் ஒன்றுதானே, எதற்கு விலை வித்தியாசம்?

ஒன்றில்லை. மலிவானதில் எழுத்தை மேலே மையால் அடித்திருப்பார்கள், வியர்வைக் கையோடு ஆறு மாதம் ரைப் பண்ணினால் அழிந்துவிடும், முதலில் போவது அதிகம் அமத்துகிற எழுத்துகள். நகத்தால் மெல்லச் சுரண்டினால் தடிப்பு தெரிந்தால் அது மேலே ஒட்டிய எழுத்து. லேசரால் பொறித்தது அவ்வளவு கெதியாகப் போகாது. அப்புறம் ஸ்பேஸ் பாரின் இரண்டு அந்தத்தையும் அமத்திப் பாருங்கள், ஒரு பக்கம் இறுகினால் வாங்க வேண்டாம்.

தேத்தண்ணி ஊற்றுப்பட்டால் உடனே வயரைக் கழற்றி, கவிழ்த்துப் பிடியுங்கள். வெறுந்தேத்தண்ணி சீனி இல்லாமல் என்றால் காயவிட்டுப் பிழைக்கலாம். சீனி போட்டது காய்ந்தாலும் விசை ஒட்டும், அடுத்த நாள் எறும்பு வரும். லப்டொப்பில் ஊற்றுப்பட்டால் இது வேறு கதை, பவரை நிறுத்திவிட்டு நேரே திருத்துகிறவரிடம் போங்கள், போட்டுப் பார்க்காதீர்கள்.

தமிழ் ரைப் பண்ண எதைப் பழகுவது? பாமினியா, யூனிகோடா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். பாமினி என்பது எழுத்துரு. யூனிகோட் என்பது எழுத்துக்குக் கொடுத்த இலக்கமுறை. விரல் எங்கே போகிறது என்பது விசைப்பலகை அமைப்பு. மூன்றும் மூன்று விஷயம், கடைக்கு வருகிற பலர் மூன்றையும் ஒன்றாகவே கதைப்பார்கள்.

பாமினியில் நீங்கள் "தமிழ்" என்று அடிக்கும்போது கம்பியூட்டர் உள்ளே எழுதிவைப்பது தமிழ் இல்லை. ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் பின்னால் ஒரு அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துகளின் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் சட்டை கழன்றுவிடும். போன மாரியில் ஒரு ரீச்சர் தவணைப் பரீட்சை வினாத்தாளை வீட்டில் பாமினியில் அடித்து, வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, மழையோடு துணுக்காயில் இருந்து பஸ்ஸில் வந்து நிற்கிறார். போனில் திறந்தால் முழுக்க ஆங்கிலக் கிறுக்கல். "தம்பி, வைரஸ் பிடிச்சிட்டுதோ?" என்றார். வைரஸ் ஒன்றுமில்லை ரீச்சர், எழுத்துரு இல்லை என்று சொல்லி, மாற்றியில் போட்டு எடுத்துக்கொடுத்தேன். பீ.டி.எஃப். ஆக்கி அனுப்பியிருந்தால் அந்தப் பயணமே தேவையில்லை.

அதனால் சேமிப்பது யூனிகோடில். விரல் பழக்கத்தை மாற்ற வேண்டுமா என்றால், பாமினி அமைப்பில் இருபது வருசம் அடித்தவர் மாற்றத் தேவையில்லை. அதே அமைப்பில் அடித்து யூனிகோடாக வரச்செய்கிற என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. தட்டச்சுப் பொறிக் காலத்தில் இருந்து வந்த அந்த வரிசையைத்தான் நாங்கள் ரெங்கநாதன் அமைப்பு என்கிறோம். 2008இல் இலங்கைத் தர நிறுவனம் தமிழுக்கு வைத்த நியமமும் அதையே எடுத்தது.

புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு நான் சொல்வது தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டோடு வந்தது. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஆக 31 விசையில் 247 எழுத்தும் வந்துவிடும். "க" வை இரண்டுதரம் தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும், "பக்கம்" என்று அடித்துப் பாருங்கள், சுகம் விளங்கும். ஆங்கில எழுத்தில் "அம்மா" என்று அடித்துத் தமிழாக மாற்றுகிற முறை போனில் சரி, நாளுக்கு இருபது பக்கம் அடிக்கிறவருக்கு அது சுற்றுவழி.

வாயால் சொன்னால் எழுதாதா?

எழுதும். கூகுளின் குரல் தட்டச்சில் 2017 முதல் தமிழ் இருக்கிறது, மொழித் தெரிவில் இலங்கைத் தமிழ் என்று தனியாகவும் உண்டு. ஆனால் எங்கள் பேச்சில் "வெளிக்கிட்டனான்", "சொன்னவை" என்று சொன்னால் அது தனக்குத் தெரிந்த ஒன்றை எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும். செய்தி வாசிப்பது போல நிறுத்தி, எழுத்துத் தமிழில் சொன்னால் நன்றாக வருகிறது. கடிதத்தின் முதல் வரைவுக்குச் சரி. பெயர், அடையாள அட்டை இலக்கம், காணியின் அளவு இதெல்லாம் கையால் அடியுங்கள், ஒரு பேர்ச்சஸ் கூடிக் குறைந்தால் பிறகு கந்தோர் கந்தோராக அலையவேண்டும். மற்றது, தகரக் கூரைக்கு மழை பெய்யும்போது முயற்சி செய்யாதீர்கள்.

மவுஸ் அங்கும் இங்கும் பாய்கிறது, பழுதா?

கண்ணாடி மேசையா என்று பாருங்கள். அடியில் இருக்கிற சின்னக் கமரா மேசையின் மேற்பரப்பைப் படம்பிடித்துப் பிடித்துத்தான் எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று கண்டுபிடிக்கிறது. கண்ணாடியில் அதற்குப் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு பழைய கொப்பி மட்டையை வைத்தால் போதும். மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் முதன்முதல் எல்லாருக்கும் காட்டிய மவுஸ் அடியில் இரண்டு சில்லில் ஓடியது. அதற்குக் கண்ணாடியும் ஒன்றுதான், பலகையும் ஒன்றுதான்.

எத்தனை இஞ்சி மொனிட்டர்?

இஞ்சி என்பது மூலைக்கு மூலை அளப்பது. எழுத்து வேலைக்கு 22 அல்லது 24, 1920×1080 போதும். பழைய பெட்டியில் நீல நிற 15 ஊசி விஜிஏ மட்டும் இருக்கும், புது மொனிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும், வாங்கிக்கொண்டு போய் வீட்டில் முழிப்பார்கள். பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். விஜிஏ வயரில் சத்தம் போகாது, எச்டிஎம்ஐயில் போகும்.

பிரிண்டர் இங்க்கா, லேசரா?

எவ்வளவு அடிப்பீர்கள் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்லுகிற கடைக்காரரை நம்பாதீர்கள்.

இங்க் பிரிண்டரின் தலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். பாவிக்காமல் வைத்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும், எங்கள் கோடையில் இன்னும் கெதியாக. வாரத்துக்கு ஒரு கலர்ப் பக்கமாவது அடிக்காதவர் வாங்கக்கூடாது. போட்டோ, கலர் வேலை உள்ளவருக்குத் தொட்டியில் மை ஊற்றுகிற வகை, செலவு குறைவு. லேசரில் மை இல்லை, ரோனர் என்கிற தூள். நிலைமின்னால் தாளில் ஒட்டவைத்து, 200 பாகை அளவு சூட்டில் உருக்கி அழுத்துகிறது, அதனால்தான் தாள் சுடச்சுட வருகிறது. ஆறு மாதம் பூட்டி வைத்தாலும் முதல் பக்கமே ஒழுங்காக வரும். வருசத்தில் ஐந்தாறு தரம் விண்ணப்பம் அடிக்கிற வீட்டுக்கு லேசர், அல்லது பிரிண்டரே வேண்டாம், எங்களிடம் வாருங்கள்.

ரோனர் பெட்டியில் "1500 பக்கம்" என்று போட்டிருப்பது பக்கத்தில் 5 சதவீதம் மட்டும் கறுப்பாக இருந்தால் வருகிற கணக்கு. நெருக்கி அடித்த வினாத்தாளுக்கு அவ்வளவு வராது, கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தூள் உடுப்பில் கொட்டினால் உதறிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீர் போட்டால் பிரிண்டர் தாளுக்குச் செய்கிறதை நீங்களே சட்டைக்குச் செய்துவிடுவீர்கள்.

தடதடவென்று சத்தம் போடுகிற டொட் மற்றிக்ஸை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்பார்கள். ஊசி ரிப்பனில் குத்துவதால் கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று பிரதி எடுக்கலாம். லேசரால் அது முடியாது.

மாரியில் மட்டும் தாள் சிக்குகிறதே?

தாள் ஈரம் குடிக்கிறது. ஐப்பசி தொடங்கினால் பொதியைத் திறந்து அப்படியே வைக்காதீர்கள், தேவையானதை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பொலித்தீன் பையில் கட்டிவையுங்கள். தட்டில் போடமுன் விசிறிவிட்டுப் போடுங்கள். சிக்கினால் தாள் போகிற திசைக்கே மெதுவாக இழுக்கவேண்டும்.

கடைசி வரி வெட்டுப்படுகிறது. பிரிண்டர் பழுதா?

பழுதில்லை. நீங்கள் அடித்தது ஏ4இல் இருக்கும், அச்சடிக்கிற அமைப்பில் தாளின் அளவு "லெட்டர்" என்று இருக்கும், அது அமெரிக்க அளவு, 216க்கு 279 மில்லிமீற்றர். நாங்கள் போடுவது ஏ4, 210க்கு 297. மாற்றிவிடுங்கள், முடிந்தது.

பிரிண்டரை யூ.பி.எஸ்.இல் கொழுவலாமா?

லேசரை வேண்டாம். சூடாகும் நேரத்தில் பல நூறு வாற்று இழுக்கும். வீட்டில் வைத்திருக்கிற 650 வி.ஏ. யூ.பி.எஸ். தாங்குவது ஏறக்குறைய 360 வாற்று, அதோடு மொனிட்டரும் பெட்டியும் வேறு. கம்பியூட்டர், மொனிட்டர், ரவுட்டர் மட்டும் யூ.பி.எஸ்.இல், பிரிண்டர் சுவரில். 2022 பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் இது தெரியாமல் எத்தனை யூ.பி.எஸ். பற்றரி போனது என்று நான் கண்டேன். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது, வாற்றுக் கணக்கு எங்களுக்குப் புதிதா என்ன.

பழைய போட்டோ ஒன்றுதான் இருக்கிறது. பெரிதாக்கலாமா?

இந்தக் கேள்விக்கு நான் கதிரையைப் போட்டு இருக்கச் சொல்லுவேன். இங்கே பல வீடுகளில் இடப்பெயர்வில் எல்லாம் போய், பொலித்தீன் பைக்குள் கொண்டுவந்த ஒன்றிரண்டு தாள்தான் மிச்சம். போன வருசம் ஓர் அம்மா வந்தார், மகனின் பாஸ்போட் அளவுப் படம், பொலித்தீன் உறையோடு ஒட்டிப்போய். உரித்துத் தாங்கோ என்றார்.

உரிக்கக்கூடாது. ஈரத்தில் ஒட்டிய படத்தின் மேல்படலம் பொலித்தீனோடு வந்துவிடும், முகம் போய்விடும். உறையோடு சேர்த்து அப்படியே ஸ்கேன் பண்ணவேண்டும். உறையின் மேற்பக்கத்தைச் சுத்தமான பருத்தித் துணியால் மெல்லத் துடைத்து, ஸ்கேனர் கண்ணாடியையும் துடைத்து, படத்தைக் கவிழ்த்து வைத்தால் சரி. பொலித்தீனின் மினுக்கம் கோடாக விழுந்தால் படத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்து இன்னொருதரம். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே எடுங்கள், மஞ்சள் கறையைப் பிறகு பிரித்தெடுக்க அது உதவும்.

எவ்வளவு பெரிதாகும் என்பது கணக்கு. பாஸ்போட் படம் 35க்கு 45 மில்லிமீற்றர். இஞ்சிக்கு 1200 புள்ளி வைத்து ஸ்கேன் பண்ணினால் ஏறக்குறைய 1650க்கு 2120 புள்ளி வரும். அச்சடிக்கும்போது இஞ்சிக்கு 300 புள்ளி வேண்டும், ஆக ஐந்தரை இஞ்சிக்கு ஏழு இஞ்சி. சுவரில் மாட்ட அது காணும். 300இல் ஸ்கேன் பண்ணிவிட்டுப் பிறகு கம்பியூட்டரில் இழுத்துப் பெரிதாக்கினால் பிசைந்த சோறு மாதிரித்தான் இருக்கும். ஸ்கேனர் வாங்கும்போது பெட்டியில் "9600" என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்காதீர்கள், "ஒப்டிக்கல்" என்று போட்டிருக்கிற இலக்கம்தான் மெய்யானது, மற்றது கணக்குப் பண்ணி நிரப்புவது. சேமிப்பது டிஃப் அல்லது பிஎன்ஜியில். ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திரும்பச் சேமிக்கச் சேமிக்கப் படம் தேயும்.

அந்த அம்மாவுக்கு ஒன்று பெரிதாகவும் இரண்டு சின்னதாகவும் எடுத்துக் கொடுத்தேன். கோப்பைப் பென் டிரைவிலும், பேத்தியின் மின்னஞ்சலிலும் போட்டுவிட்டேன். ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்று அவருக்கு நான் சொல்லத் தேவைப்படவில்லை.

காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இவற்றுக்கு 300 போதும். லமினேட் பண்ணமுன் ஸ்கேன் பண்ணுங்கள். உறுதியின் மூலப் பிரதியை லமினேட் பண்ணவே வேண்டாம், சூடு பட்டு ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. பலகையில் லமினேட்டிங் என்று எழுதியிருக்கிற நான்தான் இதைச் சொல்லுகிறேன்.

வங்கி மெஷின் தந்த துண்டு கறுத்துப்போய்விட்டது?

மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்திருப்பீர்கள். அந்தத் துண்டில் மையே இல்லை, சூட்டுக்குக் கறுக்கிற பூச்சுத் தாள், மெஷின் எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் சுடுகிறது. வெயில் முழுத் தாளையும் சுட்டுவிடும். சும்மா வைத்தாலும் நாளடைவில் மங்கும். தேவையானதென்றால் அன்றைக்கே கொப்பி எடுங்கள்.

கைரேகை மெஷின் என் விரலை ஏற்கவில்லை. என்னில் பிழையா?

இல்லை ஐயா. அரிவு வெட்டி, சீமெந்து குழைத்துத் தேய்ந்த விரலில் மேடு பள்ளம் குறைவு, காய்ந்திருந்தால் இன்னும் மோசம். கொஞ்சம் ஈரத் துணியில் விரலைத் துடைத்துவிட்டு வையுங்கள், சொட்டச் சொட்ட வேண்டாம். பதியும்போதே அதிகம் வேலை செய்யாத கையின் விரலையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். பதிகிற உத்தியோகத்தருக்கு அரை நிமிசம் கூடும், அவ்வளவுதான்.

ஒரு கை இல்லை. கம்பியூட்டர் பழகலாமா? கண் தெரியாதவர்?

தாராளமாக. ஷிப்டையும் இன்னொரு விசையையும் ஒன்றாக அமத்த முடியாதென்றால் ஷிப்டை ஐந்துதரம் தட்டுங்கள், விண்டோஸ் "ஸ்டிக்கி கீஸ்" போடட்டுமா என்று கேட்கும், ஓம் என்று கொடுத்தால் விசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம். கையை நகர்த்த ஏலாதவருக்கு டிராக்போல் மவுஸ், அது நின்ற இடத்தில் நிற்கும், உருண்டையை மட்டும் விரலால் உருட்டுவது.

பார்வை இல்லாதவருக்கு என்விடிஏ. பார்வையற்ற அவுஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது, இலவசம், திரையில் இருப்பதை வாசிக்கும். அதோடு வருகிற தமிழ்க் குரல் கொஞ்சம் தகரக் குரல், இரண்டு கிழமையில் காது பழகிவிடும். ஆனால் பாமினியில் அடித்த கடிதத்தைக் கொடுத்தால் "ஜே, கே, பி, ஓ" என்றுதான் அது வாசிக்கும். பிரஜைகளுக்கு அறிவித்தல் அடிக்கிறவர்கள் இதை ஒருதரம் காதால் கேட்டுப் பார்க்கவேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு புரொஜெக்டரா, பெரிய ரீவியா?

திரைச்சீலை இல்லாத, பக்கம் திறந்த வகுப்பறை என்றால் ரீவி. புரொஜெக்டருக்குக் குறைந்தது 3000 லூமன் வெளிச்சம் வேண்டும், அதுவும் நியம முறையில் அளந்த அன்சி லூமனில். மலிவுப் பெட்டிகளில் "1080 ஏற்கும்" என்று போட்டிருக்கும், ஏற்கும்தான், காட்டுவது 800×480 ஆக இருக்கும். லாம்பு வகையை ஓஃப் பண்ணியதும் பிளக்கை இழுக்காதீர்கள், விசிறி ஓடி ஆறவேண்டும். செம்மண் தூசி வடிகட்டியை அடைத்தால் சூடு ஏறி லாம்பு போகும், மாதத்துக்கு ஒருதரம் தட்டித் துடையுங்கள்.

விடுமுறை முடிந்து வந்தால் பிரிண்டர் "இணைக்கப்படவில்லை" என்கிறது?

ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து இதற்காகவே கூப்பிட்டார்கள். டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன், வயரை மாற்றினேன், சரிவரவில்லை. கடைசியில் பின்னால் லைற் அடித்துப் பார்த்தால், பிரிண்டரின் சதுர யூ.எஸ்.பி. வாயை மண்ணால் பூசி அடைத்து வைத்திருக்கிறது குளவி. மார்கழி விடுமுறையில் வயரைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். பல்லுக்குத்தும் குச்சியால் மெல்லக் கிண்டி எடுத்து, ஊதி, கொழுவினதும் சோதனைப் பக்கம் வந்தது. இப்போது நான் திருத்திக் கொடுக்கிற எல்லாவற்றுக்கும் பின்பக்க ஓட்டைகளில் ஒரு துண்டு டேப் ஒட்டித்தான் அனுப்புகிறேன்.